தங்கையிடம் கேட்ட முட்டை

கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் முதல் தடவை அந்தச் சூடு ஏறியது. மார்கழி மாதம். மழைக்குளிரில் பிள்ளைகள் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். எனக்கு மட்டும் கழுத்து வியர்த்து நனைந்து, சேலை முதுகில் ஒட்டியது. மூன்று மாதமாக மாதவிடாயும் வரவில்லை. பிள்ளை தங்கிவிட்டது என்று நினைத்து, இரகசியமாக மகிழ்ந்திருந்தேன்.

மானிப்பாயில் நான் பார்த்த மருத்துவர் குருதிப் பரிசோதனை முடிவைப் படித்துவிட்டு, வெளியே நின்ற என் கணவர் சுதனையும் உள்ளே கூப்பிட்டார். எனக்கு வந்திருப்பது சூலக முற்செயலிழப்பு (கருமுட்டை உருவாகும் உறுப்பு வயதுக்கு முன்பே ஓய்ந்துவிடுவது). அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று.

"கருப்பை நல்லாய் இருக்கு, பிள்ளை. நீர் சுமக்கலாம். முட்டைதான் வேறை ஆரிட்டையாவது எடுக்கவேணும்."

வேறு யாரிடமாவது. அந்தச் சொல்லில்தான் நான் இடறினேன். அம்மாவும் அப்பாவும் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள், கைநாட்டு வைப்பவர்கள். வீட்டில் முதன்முதலாகப் படித்து, கணித ஆசிரியையானவள் நான். எவரிடமும் கைநீட்டாமல் வந்தவள் என்ற பெருமை எனக்கு உண்டு. இப்போதும் அதை மறுக்கமாட்டேன்.

கொழும்பிலுள்ள சிகிச்சை நிலையத்தில், முகம் தெரியாத பெண்ணிடமும் பெறலாம், உறவினரிடமும் பெறலாம் என்றார்கள். நான் முதலில் கேட்டது, "அவ எவ்வளவு படிச்சவ?" என்பதுதான். அங்கிருந்த தமிழ்த் தாதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

திரும்பி வரும் ரயிலில் சுதன் மெதுவாகச் சொன்னார். "வாணி இருக்கிறாள்தானே. ரெண்டு பிள்ளை பெத்தவள். கேட்டுப் பாப்பமே."

"ஏலாது," என்றேன். வாணி என் தங்கை, சுதனுக்கு முறையில் மச்சாள். ஊர் என்ன கதைக்கும்? நாளைக்கு அவள் பிள்ளையைத் தன்னுடையது என்றால்? இவை உண்மையான பயங்கள்தான். ஆனால் நான் சொல்லாமல் மறைத்தது வேறொன்று. இதே நிலையில் இருப்பவர்கள் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். வாணி பத்தாம் வகுப்போடு நின்றவள். கணக்கில் எப்போதும் முட்டைதான். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளும், அடிமட்டத்தால் (அளவுகோலால்) அடித்தவளும் நானே. என் பிள்ளைக்கு அந்தத் தலை வேண்டாம் என்று நினைத்தேன்.

சில வாரங்களில் முகம் தெரியாத ஒரு பெண்ணின் விவரம் வந்தது. உயரம், குருதி வகை, 'பட்டதாரி'. நான் கேட்ட சொல் அங்கே இருந்தது. ஆனால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். பார்க்க வருகிறவர்கள், பிள்ளை யாரைப் போல என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் நான் எதைச் சொல்வேன்? அந்த வழி பிழையல்ல. பலருக்கு அதுவே நிம்மதி. எனக்கு முடியவில்லை.

வாணி வீட்டில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். நான் உட்காராமலே கேட்டேன். அவள் அந்தத் தையலை முடித்த பிறகுதான் மெசினை நிறுத்தினாள்.

"அக்கா, நான் முட்டை எடுத்தா அடிமட்டத்தாலை அடிப்பாய். இப்ப நீயே வந்து முட்டை கேக்கிறாய்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இவரோடை கதைச்சிட்டுத் தாறன். ஆனா ஒண்டு."

"என்ன?"

"பிள்ளையும் கணக்கிலை முட்டை எடுத்தா, அடிக்கக் கூடாது."

நான் வாய்திறந்து சொல்லாதது அவளுக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. "ஓம்," என்றேன்.

அவள் கணவரும் சம்மதித்துக் கையெழுத்திட்டார். பன்னிரண்டு நாள் அவள் வயிற்றில் ஓமோன் ஊசி (முட்டைகளை முதிரவைக்கும் மருந்து) போட்டார்கள். "அடைக்கோழி மாதிரி இருக்கு" என்று பகிடி விட்டாள். வயிறு வீங்க வீங்க எனக்குத்தான் பயம். எனக்காக இரண்டு பிள்ளைகளின் தாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால்? தருபவருக்கு என்ன ஆபத்து என்பதை அவரை வைத்துக்கொண்டே மருத்துவரிடம் கேளுங்கள். நான் பிந்தித்தான் கேட்டேன்.

முட்டைகளை எடுக்கும்போது நான் வெளியே நடந்துகொண்டிருந்தேன். அந்தத் தாதி என்னை உட்காரச் சொன்னார். பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார்: "பொம்பிளைப் பிள்ளை தாயின்ரை வயித்துக்கை இருக்கேக்கையே அவளின்ரை முட்டையெல்லாம் உருவாகியிடும். பிறகு புதிசா வாறேல்லை."

என் கருப்பையில் வைத்த முதல் கரு தங்கவில்லை. இரண்டாவது தங்கியது. இப்போது ஏழாம் மாதம்.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்வதென்று நானும் சுதனும் முடிவெடுத்திருக்கிறோம். எந்த வயதில் என்று தெரியாது. "சின்னம்மா எண்டு கூப்பிட்டாக் காணும்," என்கிறாள் வாணி; அவளுக்கு அது போதுமாம். அந்தச் சொல்லுக்குள்ளும் ஓர் அம்மா இருக்கிறாள். சில நாட்களில் அது எனக்குக் குத்துகிறது.

அம்மாவின் வயிற்றில் வாணி இருந்தபோது எனக்கு ஐந்து வயது. தோட்டத்திலிருந்து வந்து சாய்ந்திருந்த அம்மா, என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தார். உள்ளே வாணி உதைத்தாள். தாதி சொன்னபடி பார்த்தால், இந்தப் பிள்ளையின் பாதி அன்றைக்கே அங்கே இருந்திருக்கிறது, மண் ஒட்டிய என் உள்ளங்கைக்குக் கீழே. எத்தனை தரம் கணக்குப் பார்த்தாலும் எனக்கு இது பிடிபடவில்லை.

காலையில் எழுந்ததும் என் வயிற்றில் கையை வைக்கிறேன். உதைக்கும்வரை எடுப்பதில்லை.