சீட்டை இறக்காத சைக்கிள்

சைக்கிள் கடைக்காரனுக்கு ஊராரின் முகம் மறந்தாலும் கால் நீளம் மறக்காது. இந்தத் தொழிலில் கையைக் கறுப்பாக்கிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள். 'ஒரு பஞ்சர் ஒட்ட இவ்வளவு நேரமா' என்று எங்களை விரட்டியவர்கள் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே படிக்கலாம்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் என் கடை. ஓர் ஆள் உள்ளே வரவேண்டுமென்றால் ஒரு சைக்கிள் வெளியே போகவேண்டும். அவ்வளவுதான் இடம். ஆனாலும் காலை வேளையில் அங்கே ஒரு சபையே கூடும். எல்லாரும் காற்றடிக்க வருகிறவர்கள். காற்றுக்கு நான் காசு வாங்குவதில்லை. அடித்துக்கொண்டு போகவேண்டியதுதானே? போகமாட்டார்கள். என் பெஞ்சியில் உட்கார்ந்து, யுத்தம் நடக்கிற ஐரோப்பாவை யாருக்கு எவ்வளவு என்று பங்கு போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

அரத்தால் ஒரு கோடு

என் கடைக்கென்று ஒரு பழக்கம் உண்டு. ஒருவருக்கு சீட் உயரம் சரியாக அமைந்துவிட்டால், சீட்டைத் தாங்குகிற குழாயில் அரத்தால் ஒரு சின்னக் கோடு இழுத்து வைப்பேன். பிறகு வண்டியை அக்கக்காகக் கழற்றினாலும் கவலையில்லை. பூட்டும்போது அந்தக் கோடு வரைக்கும் ஏற்றினால் போதும், வண்டிக்காரருக்குத் தன் வண்டியை யாரும் தொட்டதே தெரியாது. என் வாடிக்கைக்காரர்களில் எல்லாரையும்விட உயரத்தில் கோடு போட்டது வெங்கிட்டுவுக்குத்தான். சுந்தரேசய்யரின் ஒரே பிள்ளை. அப்பா என் தோளுக்கு வருவார். பிள்ளையோ கடைக்குள் நுழையும்போது குனிந்து நுழைவான். இந்த உயரம் எங்கிருந்து வந்தது என்று மயிலாப்பூரே வியந்துகொண்டிருந்தது.

அவனுக்கு மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கப்பலேறுவதற்கு முதல் நாள் சைக்கிளோடு வந்தான். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது, எங்கே போனாலும் அவருக்கு நடைதான். மாதம் ஒரு தடவை அவர் தள்ளிக்கொண்டு வருவார், நான் எண்ணெய் விட்டுக் காற்றடித்துக் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடு. "சும்மா நிற்பதற்கு எதற்குத் தம்பி, விற்றுவிடேன்" என்றேன். அவன் சிரித்துவிட்டு சீட்டைத் தட்டிக் கொடுத்தான். "திரும்பி வந்தா துறைமுகத்துலேர்ந்து நேரா இங்கதான் பாய் வருவேன். வந்த உடனே ஏறி உக்காரணும். யார் கேட்டாலும் சீட்டை மட்டும் இறக்கிடாதேங்கோ."

எட்ட நின்று

சுந்தரேசய்யர் சொன்னபடி மாதாமாதம் வந்தார். வண்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்வார். வேலை முடிந்ததும் நான் அதை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு விலகவேண்டும். நான் விலகிய பிறகுதான் அவர் கைப்பிடியைத் தொடுவார். என் கையிலிருந்து நேராக வாங்கமாட்டார். அவர் வளர்ந்த விதம் அப்படி. எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த மனிதர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற அழகைப் பார்த்தால் கோபம் நிற்காது. பச்சைப் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிற மாதிரி, ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பார்த்துத் தள்ளுவார்.

கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வி தவறாது. அந்தச் சின்னக் கோடு அவர் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. குனிந்து சீட்டுக்கு அடியில் உற்றுப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். "கோடு தெரியறதோன்னோ, சாயபு?"

ஊர் காலியானபோது

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். மாடவீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டு. ஐரோப்பாவைப் பங்கு போட்ட வீரர்கள் எல்லாம் முதல் ரயிலிலேயே போய்விட்டார்கள். போகும்போது சைக்கிள்களை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். உத்தரத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டேன். நிமிர்ந்தால் பெடல் மண்டையில் இடிக்கும். சுந்தரேசய்யர் மட்டும் போகவில்லை. மலாயா ஜப்பான்காரன் கையில் விழுந்ததிலிருந்து வெங்கிட்டுவிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போய், அந்த நேரம் பார்த்துத் தந்தி வந்தால் யார் வாங்குவது என்று அவரும் மனைவியும் இருந்துவிட்டார்கள்.

போகாத இன்னொருவர் பால்காரர் முனுசாமி. அடையாறிலிருந்து கைப்பிடியின் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க சைக்கிளில் வருவார். வாய்க்கு பிரேக் கிடையாது. ஒருநாள் வரும்போதே கத்திக்கொண்டு வந்தார். "இன்னா பாய், சேதி தெரியுமா? மலாயாவுல ஜப்பான்காரன் சைக்கிள்லயே வந்து ஊரைப் புடிச்சிட்டானாம். இங்க வந்தான்னா பஞ்சர் ஒட்ட உன் கடையாண்டதான் வரணும். தொறந்து வச்சிக்கினு குந்து!" கதவோரம் வண்டியோடு ஐயர் நின்றதை அவர் கவனிக்கவில்லை. நான் கண்ணைக் காட்டினேன். முனுசாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். ஐயர் கோபித்துக்கொள்ளவில்லை. "வந்தா எனக்குச் சொல்லியனுப்புங்கோ, சாயபு. அந்தப் பக்கத்துலேர்ந்து வரவனாச்சே. ரப்பர் தோட்டத்துல நெட்டையா ஒரு பையனைப் பார்த்தானான்னு கேக்கணும்."

வைக்கோல் டயர்

மலாயா போனதோடு ரப்பரும் போயிற்று. டயர் என்றால் மனு, மனுவுக்குச் சிபாரிசு, சிபாரிசுக்குப் பிறகும் கைவிரிப்பு. ஒட்டின இடத்திலேயே ஒட்டி ஒட்டி, கடைசியில் ஒட்டுப்போட இடமில்லாமல் போய்விட்டது. பழைய டயரை அறுத்துக் கிழிசலுக்கு உள்ளே அண்டை கொடுத்தேன். அதுவும் தீர்ந்ததும் முனுசாமியின் பின் சக்கரத்தில் டியூபுக்குப் பதில் வைக்கோலைத் திணித்துக் கட்டிக் கொடுத்தேன். அது குதித்த குதியில் பால் மயிலாப்பூர் வருவதற்குள் பாதி வெண்ணெயாகிவிடுகிறது என்று வீடுகளில் சண்டை.

இந்தப் பஞ்சத்தில் வெங்கிட்டுவின் வண்டி மட்டும் கறுகறுவென்று இரண்டு டயரோடு மாதாமாதம் வந்து நின்றது. கடையில் இருப்பவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்ப்பார்கள். ஐயர் அந்தப் பக்கம் போனதும் முனுசாமி பொறுக்கமாட்டாமல் கேட்டார். "ஓடாத வண்டி புது டயரு போட்டுக்கினு கீது. ஓடற வண்டி வைக்கோல் துண்ணுது. இன்னா பாய் நாயம் இது?"

கிரேஸம்மா

கிரேஸம்மா பிரசவம் பார்க்கிற நர்சு. சைக்கிளில் போகிற பெண்பிள்ளை எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். திருவான்மியூர் குப்பம் வரைக்கும் போய் வருவார். ஒருநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார். இரண்டு டயரும் நார்நாராகத் தொங்கின. கேட்டபோதுதான் சொன்னார். முதல் நாள் குப்பத்துக்குப் போகும்போது அடையாறு பாலத்தருகே டயர் வெடித்துவிட்டது. மிச்ச தூரம் நடந்தும் ஓடியும் போயிருக்கிறார். போனபோது தாய் பிழைத்திருந்தாள், குழந்தை இல்லை.

ஐயர் அன்றைக்கு எண்ணெய் விட வந்து அங்கேயே இருந்தார். "அம்மா, என்னிடம் டயர் இல்லை" என்று சொன்னபோது நான் அவர் வண்டிப் பக்கம் பார்க்கக்கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிரேஸம்மாவும் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டால் அது என்ன அர்த்தமாகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். உன் பிள்ளை வரமாட்டான், கொடு என்று அல்லவா அர்த்தமாகும்? ஐயர்தான் முதலில் பேசினார். "குழந்தை பையனா?" என்று கேட்டார். கிரேஸம்மா ஆமென்று தலையை ஆட்டினார். ஐயர் தன் வண்டியின் சீட்டில் ஒருதரம் கை வைத்து எடுத்தார். பிறகு "ரெண்டையும் கழட்டி அவாளுக்குப் போட்டுடுங்கோ" என்றார். "ஐயரே, தம்பி வந்தால்?" என்றேன். "அவன் இருக்கறதே ரப்பர் காட்டுல. வரச்சே டயரோட வருவான். நீங்க கழட்டுங்கோ. சீட்டை மட்டும் தொடாதேங்கோ."

புதுக் கோடு

அதற்குப் பிறகும் அவர் மாதாமாதம் வந்தார். டயர் இல்லாமல், வெறும் ரிம்மில். கச்சேரி ரோட்டுத் திருப்பத்தில் கடகடவென்று சத்தம் கேட்கும்போதே கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிடுவேன். எண்ணெய் விட்டு, துடைத்து, கோடு இருக்கிறது என்று சொல்லி அனுப்புவேன். யுத்தம் முடிந்தது. கப்பல்கள் வர ஆரம்பித்தன. கடையில் டயர் தொங்க ஆரம்பித்த ஒரு காலையில் அதே சத்தத்தோடு வந்தார். "டயர் போடுங்கோ" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருந்ததில் நல்ல ஜோடியாகப் பார்த்துப் போட்டேன், மணியைத் துலக்கினேன், சீட்டைப் பஞ்சால் துடைத்தேன். "கோடு அப்படியே இருக்கிறது ஐயரே, தம்பி எந்தக் கப்பலில் வருகிறார்?" என்று வாய் நிறையக் கேட்டேன்.

அவர் சொன்னார். தோட்டத்தில் கூட வேலை பார்த்த ஒருவர் ஊர் திரும்பி, வீட்டைத் தேடி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது வெங்கிட்டுவையும் கொண்டுபோனார்களாம். அங்கே காலராவில் போய்விட்டானாம். நாங்கள் டயரைக் கழற்றிய நாளுக்கு வெகு முன்னாலேயே போயிருக்கவேண்டும். "அடையாறுல ஒரு மரக்கடையில கணக்கெழுத ஒத்துண்டிருக்கேன். அவ்வளவு தூரம் நடக்க முடியலே. சீட்டை இறக்குங்கோ, சாயபு. எனக்கு எட்டற மாதிரி" என்றார்.

இத்தனை காலம் திருகாத நட்டு இறுகிப்போயிருந்தது. ஸ்பேனர் வழுக்கிக்கொண்டே இருந்தது. கண் தெரியாமல் போனால் வழுக்காமல் என்ன செய்யும்? அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சீட் இறங்கியது. அந்தக் கோடு குழாய்க்குள் போய் மறைந்தது. அவர் ஏறி உட்கார்ந்து, கால் எட்டுகிறது என்றதும் பழக்க தோஷத்தில் கை அரத்தை எடுத்துவிட்டது. அவர் தடுத்தார். "கோடெல்லாம் வேண்டாம், சாயபு. நான் எங்கயும் போகப்போறதில்லை."

பிடித்த கை

கற்றுக்கொடுப்பது யார்? நான் கேட்பதற்குள் முனுசாமி, "நான் கீறேன்" என்றார். ஜப்பான்காரன் சைக்கிள் கதையை ஐயர் காதுபடச் சொன்னதை அவர் மறக்கவில்லை என்று எனக்குத் தோன்றிற்று. பால் ஊற்றி முடித்ததும் கோயில் குளத்தங்கரையைச் சுற்றி ஓட்டம். ஐயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே, முனுசாமி சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலே. சீட்டை மட்டும்தான் பிடிப்பார். ஐயர் மேல் பட்டுவிடக்கூடாது என்று கையை நீட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். முதல் தடவை ஐயர் குடை சாய்ந்து விழுந்தபோது, முனுசாமி தூக்கலாமா கூடாதா என்று திகைத்து நின்றார். நானும்தான் நின்றேன். கீழே கிடந்தபடியே ஐயர் இரண்டு கையையும் நீட்டி, "பாத்துண்டே நிக்கறேளே, தூக்குங்கோளேன்!" என்று அதட்டினார். ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். அதற்கப்புறம் என் கையிலிருந்து வண்டியை வாங்க அவர் தள்ளி நிற்கவில்லை.

பல காலைகள் போயின. ஒருநாள் வண்டி ஆடாமல் போயிற்று. முனுசாமி மெல்ல சீட்டை விட்டுவிட்டார். விட்டவர் நிற்கவில்லை, வெறும் கையோடு பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் நின்றால் ஐயருக்குத் தெரிந்துவிடுமே. குளத்துத் திருப்பத்தில் ஐயர் திரும்பிப் பார்க்காமலே, "பிடிச்சுண்டிருக்கியோன்னோடா?" என்று கேட்டார். அதை அவர் யாரிடம் கேட்டார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முனுசாமி மூச்சிரைக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "புடிச்சிக்கினுதான் கீறேன் சாமி, நீ பாட்டுக்குப் போ!"

இப்படிப்பட்டவர்களை வாடிக்கையாக வைத்துக்கொண்டு, காற்றுக்குக் காசு கேட்டு முன்னுக்கு வந்த சைக்கிள் கடைக்காரன் எவனாவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.