சேற்றுக்குள்ளிருந்து போன செய்தி

கடந்த ஆண்டு ஆவணி மாதம். கொடிகாமத்துக்குத் தெற்கே கடல்நீரேரி வற்றிக் கிடந்த ஒரு பிற்பகல். பல்கலைக்கழக இறுதியாண்டு வேலைக்காக நானும் என் தோழியும் நான்கு சின்ன ரோபோ வண்டிகளை அங்கே ஓடவிட்டோம். வெள்ளத்தில் தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தால், இவை வரிசையாகப் போய், ஒன்று அனுப்புவதை அடுத்தது வாங்கிக் கடத்திக் கரைக்குச் செய்தி சேர்க்க வேண்டும். முன்னால் போவதன் தொடர்பு அறுந்தால், பின்னால் நிற்பவை தாமாகவே நெருங்கி வர வேண்டும். ஆய்வுகூடத்தில்கூட அது ஒருமுறையும் சரிவந்ததில்லை.

முதல் வண்டி கண்டல் பற்றைக்கு அப்பால் புதைந்து நின்றுவிட்டது. கைபேசியைக் கரையில் கணினியோடு இருந்த தோழியிடம் கொடுத்துவிட்டு எடுக்கப் போனேன். வண்டியைத் தொட்டதும் இரண்டு கால்களும் சேற்றுக்குள் இறங்கின. இழுக்க இழுக்க இன்னும் ஆழம், இடுப்பு வரை. கத்தினேன். காற்றின் இரைச்சலில் குரல் கரைக்கு எட்டவில்லை. தண்ணீர் வேறு மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது.

கையில் இருந்தது அந்த வண்டி மட்டும். அதன் தொடர்பு விளக்கு சிவப்பு. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். பற்றைக்கு அந்தப் பக்கம் மோட்டார்ச் சத்தம். இரண்டாவது வண்டி வந்துகொண்டிருந்தது, தானாகவே! விளக்கு பச்சையானது. பயத்தை மறந்து, "வேலை செய்யுது!" என்று கூவிவிட்டேன்.

பிறகு வண்டியின் மேலிருந்த நிறுத்தப் பொத்தானை அழுத்தினேன், விட்டேன், மறுபடி அழுத்தினேன். கணினித் திரையில் வண்டி நிற்பதும் ஓடுவதுமாகக் காட்டியபோது, மென்பொருள் பழுதென்றுதான் தோழி முதலில் நினைத்தாளாம். "பிறகுதான் விளங்கிச்சு, கை இல்லாமல் அந்தப் பொத்தானை அமத்தேலாது எண்டு" என்றாள்.

கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர்கள் இருவரை அவள் கூட்டிவந்தாள். ஒருவர் சேற்றின் மேல் பலகையைத் தள்ளினார். "பிள்ளை, காலை உதறாதை. நெஞ்சைப் பலகையிலை வைச்சுப் படு." மெல்ல மெல்ல இழுத்தெடுத்தார்கள்.

"எடியே, என்ரை உயிரே போயிட்டுது!" என்று அழுதபடி தோழி கட்டிக்கொண்டாள்.

"இரண்டாவது வண்டி வந்ததைக் கண்டனியோ?" என்றேன் நான்.

"ஓமடி, கண்டனான்!" அழுகையோடு சிரித்தாள்.

"உதென்ன சாமான் பிள்ளை?" என்று மீனவர் கேட்க, இருவரும் ஒரே நேரத்தில் விளக்கத் தொடங்கினோம்.

பரீட்சைப் புள்ளிகளுக்காகச் செய்த வேலை அது. இப்போதோ, மறுமுனையில் யாரோ ஒருவர் பொத்தானை அழுத்தியபடி காத்திருக்கிறார் என்று எண்ணாமல், அந்த வண்டிகளுக்கு ஒரு வரி நிரல்கூட என்னால் எழுத முடிவதில்லை.