சபீனா கட்டிய துருத்தி

சித்தூரில் ஜெபகுமாரின் ஆர்கன் பட்டறைக்கு வேலைக்கு வரும்வரை, காற்றூதிக் குழல்களை ஒலிக்கவைக்கும் தேவாலயத்துப் பைப் ஆர்கனைச் சபீனா பார்த்ததே இல்லை. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குவதுதான் அவள் வேலை. கம்பெனியை மூடிவிட்டார்கள். ஜெபகுமாருக்குத் தோல் வேலை தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்தாள்.

பட்டறையில் மூன்றே பேர். குழல்களைச் செய்து சுருதி சேர்ப்பது ஜெபகுமார். மர வேலைக்கு நகரி ஊர்க்காரர் கமலக்கண்ணன். சபீனாவுக்குத் துருத்தி. அது காற்றைப் பிடித்து வைத்துச் சீராக அனுப்பினால்தான் குழல்கள் பேசும்.

திருப்பதியில் ஒரு தேவாலயத்து ஆர்கன் வருஷக்கணக்கில் ஊமையாகக் கிடந்தது. எலி கடித்த துருத்தியைப் பிரித்து, சபீனா புதுத்தோல் ஒட்டினாள். பட்டறையில் அது ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் சபையார் முன்னால் ஜெபகுமார் வாசிக்க உட்கார்ந்ததும், எழும்பிய சத்தம் இழுத்துக்கொண்டே இறங்கி நின்றுபோனது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"கீபோர்டே வாங்கிடலாம், பாஸ்டர்," என்றார் சபைச் செயலாளர்.

ஜெபகுமார் தலைகுனிந்து நின்றார். சபீனாதான் பேசினாள். "கிறிஸ்மஸ் வரைக்கும் டைம் குடுங்க சார். நானே சரிபண்ணித் தரேன்."

திரும்பும் பஸ்ஸில் ஜெபகுமார் கேட்டார். "இன்னா தைரியத்துல அப்டி சொன்னம்மா?"

"தோலு தடிமன், ணா. மடங்கி மடங்கி வெடிச்சிக்கினு போவுது. மடிப்புக்கு மட்டும் மெலிசா வேற போட்டா நிக்கும்."

மறுநாளே ராணிப்பேட்டை போய், பழைய சூப்பர்வைசரைப் பிடித்து, துணிபோல மடங்குகிற ஆட்டுத்தோல் வாங்கி வந்தாள். தான் ஒட்டியதை எல்லாம் தானே உரித்தாள். தோலை மரத்தோடு ஒட்டும் வஜ்ரப்பசையைச் சூடாக்கி, மடிப்பு மடிப்பாகப் புதிதாக ஒட்டினாள். துருத்தியில் காற்றை நிரப்பி, கமலக்கண்ணன் அழுத்தத்துக்கு மேலே செங்கல் அடுக்குவார். அவள் ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு மடிப்போரமும் கொண்டுபோவாள். புகை வளைந்தால் கசிவு. திரும்ப உரிப்பாள். ஒருநாள் மாலை, சுற்றிலும் எங்கே காட்டினாலும் புகை நேராக மேலே போயிற்று. கமலக்கண்ணன் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார்.

கிறிஸ்மஸ் காலை தேவாலயம் நிரம்பி வழிந்தது. காற்றூதும் மோட்டாரைப் போட்டதும் துருத்தி எழும்பி நின்றது. பெரிய குழல் பேசியபோது அதிர்வு பெஞ்சு வழியாக உடம்பில் ஏறியது. சபை எழுந்து தெலுங்கில் பாடியது. கடைசிச் சரணத்துக்கு ஜெபகுமார் எல்லாக் குழல்களையும் திறந்துவிட்டார். சுருதி இம்மியும் இறங்கவில்லை. பக்கவாட்டில் நின்ற சபீனா துருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஆராதனை முடிந்ததும் செயலாளர் நேரே அவளிடம் வந்தார். "நான் அவசரப்பட்டுட்டேன்மா. வா, நீயும் ஒரு தடவ வாசி."

அவள் பழக்கமில்லாத விரலால் ஒரு கட்டையை அழுத்தினாள். கூரைவரை எழும்பிய அந்த ஒற்றை ஓசையை வெகுநேரம் விடவில்லை.

இப்போது நாயுடுபேட்டைச் சபை ஒன்றுக்குப் பட்டறையில் முழுக்கப் புதிதாக ஒரு ஆர்கன் உருவாகிறது. அதன் துருத்திக்குத் தோல் அறுத்துக்கொண்டிருக்கிறாள் சபீனா.