கிளட்ச் கால்

சர்க்கரை வியாதி தங்கவேலின் இடது காலை எடுத்துக்கொண்டது. செருப்பு கடித்த புண்ணாக ஆரம்பித்து, விரல் கறுத்து, பாதம் கறுத்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு மீதியை வெட்டிவிட்டார்கள். உயிர் மிஞ்சியதே பெரிசு, எந்தக் காலாக இருந்தால் என்ன என்று வார்டில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவரும் கியர் வண்டி ஓட்டிப் பிழைத்தவரில்லை. வலது கால் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும். இடது காலுக்கு ஒரே வேலை, கியர் மாற்றும்போது மிதிக்கிற கிளட்ச். அந்த ஒரே வேலையைத்தான் தங்கவேல் இருபது வருஷத்துக்கு மேல் டாக்சியில் செய்துகொண்டிருந்தார்.

அவர் மனைவி ஜோதிலட்சுமி ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டு வீடுகளில் சமையல் செய்பவள். மந்தைவெளியில் கால்வாயை ஒட்டிய அடுக்குக் குடியிருப்பில் மூன்றாவது மாடி வீடு. மகள் சிந்துவைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்த்த ஒரே சொத்து, கீழே நின்ற வெள்ளை டிசையர் டாக்சி. அது மூன்று மாதமாக ஓடாமல், காக்கை எச்சமும் வேப்பிலையுமாகக் கிடந்தது. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கிவிட்டால் அவரே ஓட்டலாமே என்று அவள் சமைக்கும் வீட்டு அம்மா யோசனை சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். இந்த மாதிரி யோசனைகளுக்கு நம் ஊரில் பஞ்சமே கிடையாது.

வண்டியை விற்றுக் கொடுக்கும் புரோக்கர் ஒருவன் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலம், வண்டியை நானே ஓட்டுகிறேன் என்று ஜோதிலட்சுமி சொன்னாள். பெருங்குடியில் ஐடி கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் பொம்பளை டிரைவர் கிடைப்பாளா என்று தேடுகிறார்கள், நாலு பேர் சேர்ந்தால் பிழைப்பு ஓடிவிடும் என்றாள். ஆபரேஷனுக்கப்புறம் முதல் தடவையாகத் தங்கவேல் சிரித்தார். கேட்பதற்கு நன்றாக இல்லாத சிரிப்பு. அந்த வண்டியில் தன்னைத் தவிர யாரையும் பெடலில் கால் வைக்க விட்டவரில்லை அவர்.

மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நிபந்தனை போட்டார்.

"லைசென்ஸ் எடு. அப்பறம் என்ன முன்னாடி குந்தவெச்சி, கட்டு மாத்தறதுக்குப் பாலத்தாண்ட ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய் இட்டுக்கினு வா. நல்லா ஓட்டினியா, சாவி ஒன்னுது. இல்லன்னா புரோக்கராண்ட குட்த்துருவேன்."

தி.நகரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். ஸ்கூல் என்றால் ஒரு மாடிப்படி, அதன் கீழே ஒரு மேஜை, வெளியே கூரையில் பலகை கட்டிய கிழட்டு கார். ஒருத்தர் ஓட்ட, மற்ற மூன்று பேர் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் ஆனந்தகுமார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவசரக்காரர். பாண்டி பஜார் நெரிசலில் ஒரு பொம்பளை வண்டியை நடுரோட்டில் அணைத்துவிட்டு விழித்தால் அடுத்த பேட்ச் என்னாகும் என்ற கவலை அவருக்கு. முதல் நாளே ஜோதிலட்சுமியிடம் சொல்லிவிட்டார்: "அக்கா, நீ ஸ்டியரிங்க மட்டும் புடிச்சிக்கினு ரோட்ட பாரு. கீழ நான் பாத்துக்கறேன்."

அந்தக் காரில் அவர் பக்கத்திலும் கிளட்சும் பிரேக்கும் உண்டு. ஆபத்துக்கு என்று வைத்தது. ஜோதிலட்சுமியும் அதை ஆபத்துக்கு என்றே நினைத்தாள். தானும் தன் பக்கத்துக் கிளட்சை மிதித்தாள், எடுத்தாள். வண்டி வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. நகர்த்தியது தன் கால்தான் என்று நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? "கை வந்துருச்சுக்கா" என்று ஆனந்தகுமார் வேறு தினமும் சொன்னார். நாற்பது வயதுக்கு மேல் யாராவது நம்மைப் பாராட்டினால் அதைக் கிளறிப் பார்க்கத் தோன்றுவதில்லை.

லைசென்ஸ் டெஸ்ட் நடந்ததும் அதே காரில்தான். பக்கத்தில் வழக்கம்போல ஆனந்தகுமார். பின்சீட்டில் உட்கார்ந்த அதிகாரி முன்னால் போகச் சொன்னார், திருப்பச் சொன்னார், போதும் இறங்கு என்றார். லைசென்ஸ் கைக்கு வந்தபோது தங்கவேல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டோ நன்றாக இருப்பதாகச் சொன்னார். அன்றைக்கு அவள் கேசரி கிளறினாள். அவருக்குச் சர்க்கரை போடாமல் தனியாக ஒரு கிண்ணம்.

மறுநாள் விடியற்காலை அவர் எழும் முன்னே சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கிளட்சை விட்டதும் டிசையர் தவளை மாதிரி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மறுபடி குதித்து அணைந்தது. வண்டியில்தான் கோளாறு என்று கொஞ்ச நேரம் நினைத்தாள். பிறகு தலையைத் திருப்பிப் பக்கத்து சீட்டின் கீழே பார்த்தாள். அங்கே பெடல் இல்லை, கால்மிதி மட்டும் இருந்தது. ஒரு மாதமாக அவள் ஓட்டியது பாதி வண்டியை. மீதிப் பாதியை ஆனந்தகுமார் ஓட்டியிருக்கிறார்.

போன் போட்டுக் கேட்டபோது அவர் கூச்சப்படக்கூட இல்லை. எல்லாருக்கும் அப்படித்தான், ஒரு வாரம் எக்ஸ்ட்ரா கிளாஸ் போட்டுக்கொள்ளலாம் என்றார். ஜோதிலட்சுமி போனை வைத்துவிட்டாள்.

புருஷனிடம் அன்றே சொல்லியிருக்கலாம். கிளட்சைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் யார்? ஆனால் சொன்னால் மறு நிமிஷம் புரோக்கருக்குப் போன் போகும். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டாள். தினமும் விடிவதற்குள் ராஜா அண்ணாமலைபுரத்துத் தெருக்களில் தானே உருட்டிப் பழகினாள். பால்காரரும் வாக்கிங் போகிறவர்களும் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். திட்டு வாங்கினாள். ஒரு குப்பைத் தொட்டியை இடித்தாள். பத்துப் பன்னிரண்டு நாளில் வண்டி குதிப்பது நின்றது. சமதளத்தில் யாரும் குறை சொல்ல முடியாத அளவுக்கு ஓட்டினாள். அந்தத் தெருக்களில் மருந்துக்கும் மேடு கிடையாது என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

கட்டு மாற்றும் நாள் வந்தது. தங்கவேல் ஊன்றுகோலோடு மெல்ல இறங்கி வந்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஊன்றுகோல் பின்சீட்டில். இவர் முன்சீட்டில், அவளுக்கு இடது பக்கம். அவள் கியர் மாற்றும்போதெல்லாம் அவருடைய கட்டுப் போட்ட கால் லேசாக எழும்பி எழும்பி அடங்கியது. அவள் அதைக் கவனித்தும் கவனிக்காதது போல ஓட்டினாள்.

கோட்டூர்புரம் பாலம் ஏறும் இடத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. அங்கே சின்ன ஏற்றம். நடந்து போகிறவர்களுக்கு அது தெரியாது. காலைப் பிரேக்கில் வைத்து நின்றாள். முன்னால் நின்ற பஸ் நகர்ந்ததும் பிரேக்கை விட்டுக் கிளட்சை எடுத்தாள். வண்டி அணைந்தது. அணைந்ததோடு நிற்காமல் பின்னால் உருண்டது. பிரேக்கை மிதிப்பதற்குள் பின்னால் பைக்கில் நின்றவனின் ஹெட்லைட்டில் டப்பென்று இடித்தது. அவன் இறங்கி வந்து பின்கண்ணாடியைத் தட்டினான். அவனுக்குப் பின்னால் தண்ணி லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"ஹேண்ட்பிரேக்க போடு" என்றார் தங்கவேல், நிதானமாகத்தான். "ஸ்டார்ட் பண்ணு. பாதி கிளட்ச்ல நிறுத்து. வண்டி நடுங்கும் பாரு, அப்ப ஹேண்ட்பிரேக்க எடு."

பாதி கிளட்ச் என்பது எந்த இடம் என்று அவள் காலுக்குத் தெரியவில்லை. மறுபடி அணைந்தது. கூட்டம் சேர ஆரம்பித்தது.

"ஸ்கூல்ல மேடே ஏத்தலியா ஒன்ன?"

"கிளட்ச்ச அவந்தான் மிதிச்சான் மாமா. டெஸ்ட்லயும் அவந்தான்."

தங்கவேல் அவளைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"எறங்கு. நான் எடுக்கறேன்" என்றார்.

சொன்ன வேகத்தில் தன் பக்கத்துக் கதவைத் திறந்தார். எத்தனையோ ஆயிரம் தடவை வண்டியிலிருந்து இறங்கிய உடம்பு அது. இடது பக்கத்துச் சீட்டிலிருந்து இறங்குகிறவன் எந்தக் காலை முதலில் தரையில் வைப்பானோ, அந்தக் காலைத்தான் அவரும் வைத்தார். வைக்கப் பாதம் இல்லை. வெட்டிய இடம் நேராகத் தார் ரோட்டில் இறங்கியது. அவர் போட்ட சத்தத்தில் சண்டைக்கு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

ஜோதிலட்சுமி ஓடிவந்து மடியில் தாங்கியபோது கட்டு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஹெட்லைட் உடைந்த அந்தப் பைக்குக்காரனே தோள் கொடுத்து அவரைப் பின்சீட்டில் படுக்கவைத்தான். நான் ஓட்டட்டுமாக்கா என்றும் கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். வீரத்தில் சொன்னதில்லை. அவளுக்காக இன்னொருத்தன் மிதித்து வந்த வினை போதும் என்றிருந்தது. ஹேண்ட்பிரேக்கைப் போட்டாள். ஸ்டார்ட் செய்தாள். கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட்டாள். வண்டி நடுங்கியது. ஹேண்ட்பிரேக்கை எடுத்தாள். அழுதுகொண்டே பாலத்தைத் தாண்டினாள்.

எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று தங்கவேல் சொன்னார். யாரைக் காப்பாற்ற அந்தப் பொய் என்று ஜோதிலட்சுமிக்குத் தெரியவில்லை. ஆறிவந்த புண் பிளந்து எலும்பு தெரிகிறது, மேலே வெட்ட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். தங்கவேல் ஜோதிலட்சுமி பக்கம் திரும்பினார்.

"வண்டிய வெயில்ல வுட்டுட்டு வந்துருப்ப. போய் நெழல்ல போடு. சாவிய நீயே வெச்சிக்கோ."

கீழே போய், இரண்டு கார்களுக்கு நடுவே மரத்தடியில் இருந்த சந்தில் ரிவர்ஸில் விட்டாள். ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வண்டி போய் நின்றது. அந்த நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மேலே புருஷன் அப்படிக் கிடக்கும்போது இப்படி ஒரு சந்தோஷமா என்று தன்மேலேயே அருவருப்பும் வந்தது. அப்படியும் அந்தச் சந்தோஷம் போகவில்லை. வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து முந்தானையால் பின்சீட்டு ரத்தத்தைத் துடைத்தாள்.

முழங்காலும் போயிற்று. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலேயே அவள் பெருங்குடிப் பெண்களை ஏற்றிப்போக ஆரம்பித்துவிட்டாள். வேறு வழி இல்லை. வண்டி குலுங்கவே இல்லையேக்கா என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். ராத்திரி வார்டில் அதை அவரிடம் சொல்ல வாயெடுப்பாள், சொல்லமாட்டாள். அவரும் கேட்டதில்லை.

டிஸ்சார்ஜ் அன்று வண்டியைக் கழுவி, பின்சீட்டில் போர்வை விரித்து, ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். சக்கர நாற்காலியில் வந்த தங்கவேல் வண்டியைப் பார்த்தார். தள்ளிவந்த ஆளிடம் ஆட்டோ ஒன்று கூப்பிடச் சொன்னார்.

ஜோதிலட்சுமிக்கு முகம் செத்துவிட்டது. அவர் முன்னால் குனிந்து, இப்போது நன்றாக ஓட்டுகிறேன், மேட்டில்கூட ஒரு தரம் அணைவதில்லை, ஒரே ஒரு தடவை ஏறிப் பாருங்கள் என்று கெஞ்சினாள்.

"தெரியும்" என்றார் தங்கவேல். "நல்லாத்தான் ஓட்டுவ. பாலத்துல கொண்டாந்தியே, அப்பவே தெரியும்." அவர் கை தொடைக்குக் கீழே வெறும் லுங்கியைத் தடவியது. "நீ கிளட்ச்ச மிதிக்கறப்பல்லாம் எனக்கு அங்க வலிக்குது ஜோதி. இல்லாத எடத்துல. உயிர் போற வலி."

ஆட்டோ வந்தது. இரண்டு பேராகப் பிடித்து அவரை ஏற்றினார்கள். அவள் காலி வண்டியை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னாலேயே மந்தைவெளிவரை ஓட்டிக்கொண்டு போனாள்.