தொப்புள்கொடி ரத்தம் விற்ற மூன்று வருஷம்

பிறக்காத பிள்ளைக்கு, வராத நோய்க்கு, கண்ணில் காட்ட முடியாத சரக்கை விற்பதுதான் என் பிழைப்பு. வீடு வீடாக ஏறி இறங்கி எதையாவது விற்றுப் பார்த்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியை வெட்டுகிறார்கள் இல்லையா, அந்தக் கொடியில் தங்கும் ரத்தத்தை ஒரு பையில் பிடித்து, சென்னையில் இருக்கும் எங்கள் பேங்கில் உறைய வைப்போம். பின்னாளில் சில ரத்த நோய்களுக்கு அது மருந்தாகலாம். அந்த 'லாம்' வரும்போது மட்டும் நாங்கள் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வோம். உத்திரமேரூர் சுற்றுவட்டாரம் முழுக்க என் ஏரியா. இன்சூரன்ஸ் விற்றுப் பழகிய வாய். எப்பேர்ப்பட்ட ஆளையும் மடக்கிவிடலாம் என்ற தைரியத்தில்தான் இறங்கினேன்.

இடுப்பில் இருக்கும் பேங்க்

திருப்புலிவனத்தில் ஒரு விவசாயக் குடும்பம். மருமகளுக்கு எட்டாம் மாதம். அரை மணி நேரம் விடாமல் பேசினேன். மாமியார் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே 'ம்' கொட்டினார். சரி, காய் பழுத்துவிட்டது என்று ஃபாரத்தை எடுத்தேன்.

அந்தம்மா எழுந்துபோய், விளையாடிக்கொண்டிருந்த மூத்த பேரனை இழுத்து வந்து, அரைஞாண் கயிற்றில் தொங்கிய வெள்ளித் தாயத்தைத் தூக்கிக் காட்டினார். நம் பக்கத்து வழக்கம்தான். காய்ந்து விழுந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டிவிடுவார்கள், பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால் உரைத்துக் கொடுப்பார்கள். இதையேதான் நாங்கள் விஞ்ஞான முறையில் செய்கிறோம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முடித்துவிட்டார். "எங்க பேங்க் புள்ள இடுப்புலயே கீதுப்பா. உன் பேங்க் மெட்ராஸ்ல கீது. அவசரத்துக்கு எது கிட்ட, நீயே சொல்லு."

பிரசவச் செலவா, பிள்ளைச் செலவா?

தலைப்பிரசவம் தாய்வீட்டில், செலவு பெண்ணைப் பெற்றவருடையது. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தொப்புள்கொடி ரத்தம் யார் செலவு என்று எந்தப் பெரியவரும் சொல்லிவைக்கவில்லை. தென்னேரியில் ஒரு மாப்பிள்ளை வளைகாப்பு அன்றே ஆசையாகக் கையெழுத்துப் போட்டார். ரத்தம் பிடிக்கும் பையும் ஊசியும் அடங்கிய கிட் பெட்டியை அங்கேயே கொடுத்துவிட்டு, வளையல் போட்டு முடிந்ததும் புளிசாதமும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மறு வாரம் கூப்பிட்டு அனுப்பினார்கள். பிரசவத்தோடு சேர்ந்தது, நீங்கள் கட்டுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டார். பிறப்பது உங்கள் பிள்ளை, நீங்கள் கட்டுங்கள் என்று பெண் வீட்டார். நடுவில் நான், சம்பந்தி சண்டையில் மாட்டிய மூன்றாவது சம்பந்தியாக உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் சீல் பிரிக்காத கிட் என் கைக்கே திரும்பி வந்தது. பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது பெண்ணின் அப்பா வாசல்வரை வந்து தன் நியாயத்தைச் சொன்னார். "பொண்ணு எங்களுது, பிரசவம் எங்களுது, ஒத்துக்கறேன் சார். ரத்தம் அவங்க வம்சத்துதுன்னு அவங்கதான சொல்லிக்கினு திரியறாங்க, அவங்களே கட்டட்டும்."

கடைசிப் பக்கம்

மூன்று வருஷத்தில் தானாக என்னைத் தேடி வந்த ஒரே குடும்பம் காவாந்தண்டலம் சேகர், ரேவதி. சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். மூத்தவள் கீர்த்திக்கு ஐந்து வயது, தலசீமியா. உடம்பில் ரத்தம் தங்காத நோய். மாசாமாசம் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினால்தான் பள்ளிக்கூடம், விளையாட்டு எல்லாம். இப்போது ரேவதி ஏழு மாதம். வயிற்றுப் பிள்ளைக்கு அந்த நோய் இல்லை என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள். அதன் தொப்புள்கொடி ரத்தம் அக்காவுக்குப் பொருந்தினால் நோயே தீரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எங்கே சேமிப்பது என்று கேட்டார்கள்.

எங்கள் மேனேஜருக்குப் போனிலேயே வாயெல்லாம் பல். பெரிய பிளானாகப் போடு என்றார். நானும் போனேன். கீர்த்தி புறங்கையில் பிளாஸ்திரியோடு வந்து எதிரே உட்கார்ந்து என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு எனக்குக் குரலைத் தாழ்த்த மனசு வரவில்லை. உடன்பிறப்புக்கு முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான், பொருந்தினாலும் பிடித்த ரத்தம் போதாமல் போகலாம், எதற்கும் அந்த டாக்டரையே எந்த பேங்க் என்று கேளுங்கள் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். டாக்டர் எங்கள் பேங்கே சரி என்றார். கூடவே, வீட்டில் நோயாளிப் பிள்ளை இருந்தால் சலுகை உண்டா என்று விசாரிக்கச் சொன்னார். எங்கள் பேங்கின் திட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது: அப்படிப்பட்ட குடும்பத்துக்குக் கட்டணமே கிடையாது. மூன்று வருஷமாக அக்குளில் வைத்துக்கொண்டு திரிந்த புத்தகம்! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இலவசத்துக்கே விண்ணப்பம் எழுதி அனுப்பினேன், மேனேஜர் உடனே கூப்பிட்டார். "கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கிறவன் சேல்ஸ்ல நெலைக்க மாட்டான்யா."

கவருக்கு மேலே

ஒரு காலை ஒன்பது மணிக்கு சேகர் போன் செய்தான். வலி எடுத்துவிட்டது, காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. இலவச விண்ணப்பம் பாஸாகி முன்பே கொடுத்துவைத்த கிட்டை ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று நானும் ஓடினேன். பிரசவ வார்டு வாசலில் சேகர் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே ஓர் எலுமிச்சம்பழம். ரத்தப் பை முழுக்க விபூதி. ஊசியின் உறையைக் கழற்றிக் குங்குமம் வைத்திருந்தார்கள். போன அமாவாசைக்குக் குலதெய்வத்தின் காலடியில் வைத்துப் பூசாரி கையால் ஆசி வாங்கினானாம். கிருமி அண்டாமல் சீல் போட்டு வந்த பை! சென்னையிலிருந்து வேறு கிட் வருவதற்குள் பிள்ளை பிறந்து தொட்டிலுக்கே போய்விடும்.

அப்போதுதான் தென்னேரிக் கிட் ஞாபகம் வந்தது. வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். தேதி பார்த்தேன், காலாவதியாக இன்னும் நாள் இருந்தது. சீலோடு நர்ஸம்மா கையில் கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் ஆண் பிள்ளை, பை நிறைய ரத்தம். எனக்கு மூச்சு வந்த பிறகு சேகரைப் பிடித்துக் காய்ச்சினேன். சாமிக்குக் காட்டியதில் தப்பில்லை, அதை ஏன் பிரித்தாய், மேலாகப் பூசினால் ஆகாதா என்று கேட்டேன். அவன் பாவம்போல் சொன்னான். "கவர் மேல பூசினா கவருக்குத்தான சார் சேரும், உள்ள போற ரத்தத்துக்கு இன்னா சேரும்?"

பொருத்தம்

பொருந்தவில்லை. சோதனை முடிவை டாக்டர் அவர்களிடம் சொன்ன மறுநாள் காவாந்தண்டலம் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், யாரும் கூப்பிடவில்லை. வழியெல்லாம் ஆறுதல் வார்த்தை தயார் செய்தேன். அதைச் சொல்வதற்குள், வேறு கொடையாளி தேட டாக்டர் கீர்த்தியின் பெயரைப் பதிந்திருக்கிறார் என்று சேகர்தான் எனக்குத் தைரியம் சொன்னான்.

கீர்த்தி காலை நீட்டி உட்கார்ந்து, தம்பியை மடியில் போடச் சொல்லி அடம்பிடித்தாள். ரேவதி அவனைக் கொண்டுவந்து மடியில் கிடத்தி, தலைக்குக் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் இருக்கும்போதே எல்லாரும் இவனை மருந்து என்றுதான் பேசினார்கள், நானும் அப்படித்தான் பேசினேன். ரேவதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அழுது முடிச்சிட்டேன் சார். அக்காவுக்கு ரத்தம் வேணும்னுதான என்னப் பெத்தன்னு நாளைக்கு இவன் கேக்க மாட்டான் பாருங்க. இனிமே இவன் வெறும் புள்ளையா வளரட்டும்."

மூன்று வருஷத்தில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே வியாபாரம் இதுதான், இதில் காசும் வாங்கவில்லை, சரக்கும் பொருந்தவில்லை.