ஜெயக்கொடி வரைந்த கடைசிப் புடைப்பு

ஜெயக்கொடி இறந்த செய்தி வந்த நேரத்தில் நான் அவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் படுத்தால் போனைக்கூட எடுக்கக் கூடாதா என்று. மறுபடி அடித்தபோது அவள் வீட்டுக்காரர் எடுத்தார். "அண்ணே, கொடி போயிருச்சுண்ணே" என்றார். காய்ச்சல் என்று போனவள். காய்ச்சலுக்கு ஒரு ஆள் சாவதா? கோச்சடையில் அவள் வீட்டு வாசலில் நின்ற உங்கள் யாரிடமும் என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

திருமங்கலம் ரோட்டில், இரும்பை மிஷினில் வெட்டி உருவாக்கும் பட்டறை எங்களுடையது. அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த நாற்காலி. மிஷினில் வெட்டுகிற டூல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று புரோகிராம் எழுதுவது என் வேலை. மிஷினில் ஓட்டும் முன் அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு, பவுண்டரியில் இரும்பை உருக்கி வார்த்த, இன்னும் வெட்டாத காஸ்டிங்கின் உருவத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஸ்டாக் மாடலைச் செய்வது அவள் வேலை. டிராயிங்கில் முடிந்த பொருள்தான் இருக்கும். பவுண்டரியிலிருந்து வருவது அப்படியா இருக்கிறது? ஒரு பக்கம் ஊதியிருக்கும், ஒரு பக்கம் ஒட்டியிருக்கும், இரும்பு ஊற்றிய இடத்தில் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். முடிந்த பொருளின் மேல் ஒரே கனத்தில் ஒரு போர்வையைப் போர்த்தி, இதுதான் காஸ்டிங் என்று சொல்லிவிடுவது ஊர் வழக்கம். அவளுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "கல்யாணப் போட்டோவ வச்சுச் சட்டைக்கு அளவெடுப்பாகளாண்ணே?" என்பாள். சாக்பீஸோடு கீழே இறங்கிப் போய், காஸ்டிங்கைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்து, மேடு பள்ளத்துக்கெல்லாம் வட்டம் போட்டுவிட்டு வருவாள். அந்தக் கரிக்கையோடு என் கீபோர்டையும் தொடுவாள். அதற்காக நாங்கள் போடாத சண்டை இல்லை.

அவளும் ஒருமுறை சறுக்கினாள். தகடுகளை வெல்டிங் வைத்துச் செய்த பெரிய சட்டம் அது. வெல்டிங் முடிந்ததுமே அளந்து மாடல் செய்துவிட்டாள். அதற்குப் பிறகுதான், வெல்டிங் சூட்டில் இரும்புக்குள் ஏறிய இறுக்கம் தளர அதை உலைக்கு அனுப்பினார்கள். சூட்டில் ஒரு மூலை தூக்கிக்கொண்டது. கம்ப்யூட்டரில் சுத்தமாக ஓடிய டூல், மிஷினில் அந்த மூலையில் மோதி உடைந்தது. முதலாளி ஆபரேட்டரைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். இவள் ஓடி வந்து நடுவில் நின்றாள். "அவரை வையாதீக. நான் அளந்தது உலைக்குப் போறதுக்கு முந்தி. போயிட்டு வந்தது வேற சட்டம்." அன்று முதல், பொருளை மிஷினில் ஏற்றிக் கட்டிய பிறகு இன்னொரு முறை தொட்டுப் பார்க்காமல் மாடலைக் கையைவிட்டுத் தரமாட்டாள். எவ்வளவு அவசரம் என்றாலும் சரி.

போன மாதம் ஒரு பம்பு காஸ்டிங் வந்தது. இது ஒன்றுதான், இன்னொன்று ஊற்றித் தர முடியாது என்று பவுண்டரி கையை விரித்துவிட்டது. எங்களிடம் இருக்கிற பெரிய மிஷினும் ஒன்றுதான். டூலைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டில் மோதினால் பட்டறைக்குப் பூட்டுத்தான். உடம்பு கொதிக்கக் கொதிக்க உட்கார்ந்து அவள் மாடலை முடித்தாள். "உள்ளுக்குள்ள ஒரு புடைப்பு இருக்குண்ணே, கையை விட்டாத்தான் தெரியும். ஏத்திக் கட்டுங்க, பாக்க வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கம்ப்யூட்டரில் ஓட்டினால் டூல் அந்தப் புடைப்பில் இடித்துச் சிவப்புக் காட்டியது. எந்த வழியில் விட்டாலும் சிவப்பு. அதைக் கேட்கத்தான் போன் மேல் போனாக அடித்தேன்.

காரியம் முடிந்து பட்டறைக்குப் போனேன். காஸ்டிங் மிஷினில் ஏறியிருந்தது. கையை விட்டுத் தடவினேன். புடைப்பு இல்லை, வழவழவென்றிருந்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "காய்ச்சல்ல வரஞ்சிருக்கும், பாவம். அழிச்சிட்டு ஓட்டுப்பா" என்றார் முதலாளி. வந்ததே கோபம்! "அவ இல்லாததை வரையமாட்டா" என்று கத்திவிட்டு, நேரே, காஸ்டிங்கின் மேடுகளைத் தேய்க்கக் கிரைண்டிங் பிடிக்கும் கருப்பையாவிடம் போனேன்.

"நாந்தேன் தேச்சேண்ணே" என்றான் அவன். "எட்டுனாத் தேச்சு விடுங்க, எட்டலைன்னா இருக்கட்டும்னு அக்கா சொல்லுச்சு. கஷ்டப்பட்டு எட்டித் தேச்சுட்டு, சொல்லப் போனா அக்காவைக் காணோம். ஆஸ்பத்திரின்னாக."

நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் வரைந்தபோது புடைப்பு இருந்தது. இப்போது இல்லை. அது மாடலில் இருக்கும்வரை டூல் உள்ளே போகாது. அழித்தாக வேண்டும். முதலாளிக்கு அது ஒரு கட்டி. எனக்கு அது அவள் கை கடைசியாகத் தொட்ட இடம். மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்விடலாமா என்றுகூட இருந்தது.

அவள் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும். கையில் இருப்பதை வரையாமல், போனதை வைத்துக்கொண்டு என்னண்ணே செய்றீக என்று பிடுங்கியிருப்பாள்.

இன்னொரு முறை கையை விட்டு, ஒரு விரல் இடம் பாக்கியில்லாமல் தடவிப் பார்த்துவிட்டு வந்து அழித்தேன். சிவப்பு போனது. மிஷின் ஓடியது. காஸ்டிங் பழுதில்லாமல் இறங்கியது. எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியது இந்தப் பழக்கம் ஒன்றுதான், தொட்டுப் பார்த்து, இல்லாததை இல்லை என்று ஒத்துக்கொள்வது. அடிப்பாவி, இதைப் போய் எனக்கு ஏன் பழக்கிவிட்டாய்?