டாக்டர் எடுக்க மறுத்த வரி

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்கு மேல் எழுதப் படித்த கை. ஒவ்வொரு வரி முடியும்போதும் எனக்கு வரும் சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் நான் முதன்முதலாக நீளமாக எழுதுவது ஒரு சாவைப் பற்றியதாக அமைந்துவிட்டது.

எழுத்து வகுப்பில் இருந்தபோது செய்தி வந்தது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் சரோஜம் வாசலில் நின்று, "பாட்டா, நம்ம பிரிஜிட் டாக்டர் போயிட்டாவ. நெஞ்சு வலியாக்கும்," என்றாள். அன்று பாடம் ஓடவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆரியங்கோட்டில் ரப்பர் பால் எடுக்கும்போது என் மனைவி தங்கத்தைப் பாம்பு கடித்தது. பாம்பை அடித்து, பால் வாளியில் போட்டு, அவளோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அதைப் பார்த்து, கண்ணாடி விரியன் குட்டி என்றார். அதற்குரிய மருந்தை ஏற்றினார். தங்கத்துக்குச் சிறுநீர் நின்றது. அவள் வீடு திரும்பவில்லை.

சில மாதம் கழித்து டாக்டர் என் வீட்டுக்கு வந்தார். மருத்துவப் பத்திரிகை ஒன்றுக்கு இதைப் பற்றிக் கட்டுரை அனுப்பப் போகிறாராம். இறந்தவரின் சொந்தக்காரர் சம்மதம் வேண்டுமாம். "எதுல கைநாட்டு வைக்கோம்னு தெரியாம வைக்கப்பிடாது பாட்டா," என்று சொல்லி, ஆங்கிலத்தில் எழுதியதை வரிவரியாகத் தமிழில் சொன்னார். தங்கத்தின் பெயர் அதில் இல்லை. 'ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த பெண்' என்றுதான் இருந்தது. நடுவில் ஒரு வரியில் அவர் குரல் இறங்கியது. "பாம்பை நாங்கள் தவறாக அடையாளம் கண்டோம்."

அது மூக்கு மேலே வளைந்த வேறொரு சின்ன விரியனாம். ஏற்றிய மருந்து அதற்குக் கேட்காதாம்.

"அப்போ நீயாக்கும் கொன்னது," என்றேன்.

"சரியாச் சொல்லியிருந்தாலும் அதுக்கு மருந்து இல்ல பாட்டா. அதுக்காக நான் தப்பு பண்ணலன்னு ஆயிராது. இத எழுதலேன்னா நாளைக்கு வேற ஒருத்திக்கும் இதே மருந்தத்தான் குத்துவாவ."

"எறங்கிப் போ."

போனார். ஒரு மழை நாளில் மறுபடியும் வந்தார். கட்டுரையில் பெயருள்ள மூத்த டாக்டர் அந்த வரியை எடுக்கச் சொல்கிறாராம். "சம்மதம் கேக்க வரல. அந்த வரி போச்சுன்னா நான் உங்களுக்கு வாசிச்சது பொய்யாயிரும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

என் கோபம் ஆறவில்லை. ஆனால் வேறு பக்கம் திரும்பியது. "மக்கா, ஸ்டாம்ப் பேடை எடு. அந்த வரி உண்டுன்னா என் கை உண்டு. வரி இல்லேன்னா கை இல்ல. அவருகிட்ட போய்ச் சொல்லு."

"என்னைய மெரட்டலாம். உங்கள மெரட்ட முடியாதுல்லா," என்று சிரித்தார்.

கட்டுரை அந்த வரியோடு போனது. பத்திரிகைக்காரர்கள் பல கேள்விகள் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இதற்கிடையில் என்னை எழுத்து வகுப்பில் சேர்த்துவிட்டதும் டாக்டர்தான். திருத்திய பிரதியையும் வாசித்துக் காட்டினார். இந்த முறை பெயரை எழுதிக் கொடுத்தேன்.

"பாம்பு ஊர்ந்த மாதிரில்லா இருக்கு பாட்டா."

"எந்தப் பாம்புன்னு ஒழுங்கா பாத்துச் சொல்லு," என்றேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அதன்பின் சிரிப்பு நின்று, நீர் மட்டும் வந்தது.

அந்தப் பிரதியை அனுப்புமுன் போய்விட்டார்.

நேற்று உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. கட்டுரையைச் சுருக்கியிருக்கிறார்களாம், புதுக் கையெழுத்து வேண்டுமாம். அந்த வரி உண்டா என்று கேட்டேன். "டாக்டரே போயாச்சு பாட்டா. அவங்க பேருக்குக் கெடுதல் எதுக்கு?" என்றார்கள்.

அவர் பெயருக்கு அந்த வரியால் கெடுதல் இல்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். *பாம்பை நாங்கள் தவறாக அடையாளம் கண்டோம்.* இது இல்லாத தாளில் நான் கை வைக்க மாட்டேன். அவர் வைத்தபடியே நீங்கள் அனுப்பிவிட்டதாகத் தகவல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த வாரமும் இதையே எழுதுவேன்.